பைகாரா தண்ணியும் முப்பந்தல் காத்தும்

டில்லி ஆபீஸில் மதியம் டிபன் பாக்ஸோடு ஒரு பொருளாதாரக்காரர் வந்து உட்காருவார். காற்று, நீர், சூரிய மின்சாரம் கூடினால் நாடு வளருமா, இல்லை நாடு வளர்வதால்தான் அதெல்லாம் கூடுகிறதா என்று ஒரு நாள் ஆரம்பித்தார். எனக்கு உடனே கோயமுத்தூர்தான் ஞாபகம் வந்தது. (வேறென்ன வரும்? இத்தனை வருஷம் ஆகியும் சிறுவாணியை மறக்க முடியவில்லை.)

அங்கே முதல் பஞ்சாலை 1888-லேயே வந்துவிட்டது. ஸ்டேன்ஸ் துரை மில். ஆனால் நிலக்கரியைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ரொம்ப நாள் சில மில்களோடு நின்றது ஊர். 1932-ல் நீலகிரியில் பைகாரா தண்ணீர் 3,000 அடிக்கு மேல் குழாயில் இறங்கி மின்சாரமாகி கோவைக்கு வந்தது. அடுத்த சில வருஷத்தில் மில்கள் மளமளவென்று முளைத்தன. இறக்குமதித் துணிக்கு வரி உயர்ந்ததும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். கிணற்றில் மோட்டார் இறங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டாரையே உள்ளூரில் செய்தார்கள். எங்க அப்பாரு (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கவலை ஓட்டுவதை விட்டு மில்லுக்குப் போனது அந்தக் காலத்தில்தான். ஆக, மின்சாரம் முந்தி, வளர்ச்சி பிந்தி.

அறுபது வருஷம் கழித்து கதை தலைகீழ். வாரியத்தின் கரண்ட் போதவில்லை. மில்காரர்களே ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் முப்பந்தலில் காற்றாலை நட்டார்கள். அங்கே கம்பியில் விட்ட யூனிட்டை இங்கே மில் பில்லில் கழித்துக்கொள்ளலாம். அவர்களை இழுத்தது காற்று மட்டுமல்ல, வருமான வரியும்தான். முதலில் விலை முழுவதையும், பிறகு 80 சதவீதத்தை ஒரே வருஷத்தில் தேய்மானமாகக் காட்டலாம். லாபம் பார்த்தவனுக்குத்தானே அது உதவும்? இந்த முறை வளர்ச்சி முந்தி.

2012 ஏப்ரலில் டில்லி அந்தச் சலுகையை நிறுத்தியது. முந்தின வருஷம் நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல் நட்டவர்கள் அந்த வருஷம் நட்டது சுமார் 1,700. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம் வேறு. தம்பி வேலை பார்த்த மில்லில் ஒரு ஷிப்டை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். "ஒரு ஊரை வைத்து முடிவுக்கு வர முடியாது" என்றார் பொருளாதாரக்காரர். சரிதான். 2014 பட்ஜெட்டில் சலுகை திரும்பி வந்தது, 2017-ல் 40 சதவீதமாகக் குறைந்தது. தம்பி அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.