ஆய்வுகூடத்தில் பிறந்த பசளை ஏன் வயலுக்கு வரவில்லை?

பல்கலைக்கழகம் ஒன்றும் தனியார் நிறுவனம் ஒன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன என்ற செய்தி அடிக்கடி என் மின்னஞ்சலுக்கு வரும். துணைவேந்தரும் கம்பனித் தலைவரும் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் படம் இருக்கும். 'புத்தாக்கம்' என்ற சொல் நான்கைந்து தடவை இருக்கும். அந்தக் கைச்சாத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லும் இரண்டாவது செய்தி வருவது மிக அரிது. ஊடகக் கற்கை படித்த எனக்கு அந்த இரண்டாவது செய்தியில்தான் ஆர்வம். அப்படித் தொடர்ந்து பார்க்கக்கூடிய கதை ஒன்று இலங்கையில் உண்டு. அது யூரியாவைப் பற்றியது.

2008இல் 'ஸ்லின்டெக்' எனப்படும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் தொடங்கப்பட்டது. தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஊடாக அரசாங்கமும், எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ் போன்ற பெரிய கம்பனிகளும் அதில் பங்காளிகள். ஆய்வாளர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தார்கள். பணமும் அறிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும் என்பதே எண்ணம்.

அங்கே உருவானவற்றில் மெதுவாகக் கரையும் பசளை முக்கியமானது. யூரியாவை வயலில் எறிந்தால் அதிலுள்ள நைதரசனில் பெரும் பகுதி பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. கொஞ்சம் அமோனியாவாகக் காற்றில் போகிறது, கொஞ்சம் நைத்திரேற்றாகி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கல்சியம் பொசுபேற்றுக் கனிமத்தை நனோ அளவுத் துகள்களாக்கி, அவற்றில் யூரியாவைப் பிணைத்தார்கள் இந்த ஆய்வாளர்கள். 2011இல் வெளியான ஆய்வில் அந்தத் துகள்களை கிளிசரியா மரத்துண்டுக்குள் செலுத்தியிருந்தார்கள். நம் வேலிகளில் நிற்கும் அதே கிளிசரியாதான். நில்வலா கோட்டேகொட, கெஹான் அமரதுங்க உள்ளிட்ட குழு 2017இல் 'ஏ.சி.எஸ். நனோ' சஞ்சிகையில் அடுத்த கட்டத்தை வெளியிட்டது. சாதாரண யூரியாவைவிட 12 மடங்கு மெதுவாக நைதரசன் வெளியேறியது. வழமையான யூரியாவில் பாதி அளவைக் கொண்டே நெல் விளைச்சலைத் தக்கவைக்கலாம் என்று வயல் பரிசோதனை காட்டியது.

யாழ்ப்பாணத்தவருக்கு இதன் பொருள் வேறு விதமாகப் புரியும். குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீர். வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு என்று செம்மண் தோட்டங்களில் அள்ளிப்போட்ட பசளை அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குள்ளேயே இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு அந்த நீர் ஆபத்தானது.

ஆனால் அந்தப் பசளை நம் கடைகளுக்கு வரவில்லை. 2017 கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, இந்த ஆய்வு வரிசையின் அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவின் நாகார்ஜுனா பசளை நிறுவனத்தின் பெயருக்குப் போய்விட்டது. விற்றதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். வாங்க ஆள் கிடைத்தது ஆய்வின் தரத்துக்கே சாட்சி. இங்கே ஏன் எவரும் அதைத் தயாரிக்க முன்வரவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. பங்காளிகளில் விவசாயத்துறையில் கால்பதித்த நிறுவனமும் இருந்ததே!

என் கணிப்பில், பதில் பசளை மானியத்தில் இருக்கிறது. 2005இலிருந்து 50 கிலோ யூரியா மூட்டை நெற்செய்கையாளருக்கு 350 ரூபாவுக்குக் கிடைத்தது. அந்த விலையோடு எந்தப் புதிய பசளையால் போட்டியிட முடியும்? பாதி யூரியா போதும் என்றாலும், யூரியாவைச் சேமிக்கக் கமக்காரருக்குக் காரணம் இல்லை, தொழிற்சாலை கட்டக் கம்பனிக்கும் காரணம் இல்லை. ஒரு கையால் ஆய்வுக்குக் காசு கொடுத்த அரசாங்கம், மறு கையால் அந்த ஆய்வுக்கான சந்தையை மூடியிருந்தது.

பிறகு 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. பயிர் வாடி, கமக்காரர் வீதிக்கு இறங்கிய பிறகு, ஒக்டோபரில் இந்தியாவின் இஃப்கோ கூட்டுறவின் நனோ யூரியாத் திரவம் விமானத்தில் கொண்டுவரப்பட்டது. அது ஸ்லின்டெக்கின் கண்டுபிடிப்பு அல்ல, வேறு பொருள். ஆனாலும் யூரியாவுக்கு நனோ வழியில் மாற்றுத் தேடிய நாடு, நெருக்கடியில் நனோப் பசளையை வெளியிலிருந்து வாங்கியது.

இதற்கு மாறான உதாரணமும் இங்கேயே உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலுள்ள டயலொக் ஆய்வுகூடத்தின் பங்களிப்போடு உருவான அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு 2009இல் செயற்பாட்டுக்கு வந்தது. கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு அது. அதைப் பயன்படுத்தப்போகும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும், கொண்டுசெல்லும் தொலைபேசி வலையமைப்பும் ஆய்வின்போதே தெரிந்திருந்தன. பசளைக்கு அப்படி யாரும் இல்லை.

ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம் மட்டுமே. இவ்வளவு குறைவாகச் செலவிடும் நாடு, ஒப்பந்தத்தின் வரிகளை இன்னும் கவனமாக எழுதவேண்டும். அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு பே-டோல் சட்டம், அரச பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகம் வைத்திருக்க இடம்கொடுத்தது. உரிமை பெற்றவர் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் அரசு தலையிடலாம் என்றும் சொன்னது. அப்படி ஒரு வரி நம் ஒப்பந்தங்களில் இருக்கிறதா என்று கேட்பது செய்தியாளரின் வேலையும்தான்.

உலக வங்கியின் ஆதரவோடு 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டம் பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்பு அலகுகளை ஊக்குவித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஓர் அலகு இருக்கிறது. அதன் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில், வயல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும் மேசையில் கொழும்புக் கம்பனியோடு ஒரு கமக்காரர் அமைப்பும், பசளை விற்கும் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் உட்கார்ந்தால், 'இதை என்ன விலைக்கு வாங்குவீர்கள்?' என்று அங்கேயே கேட்டுவிடலாம்.