1919: ஸ்கோர் கார்டில் விழாத தப்பு

2000 ஏப்ரலில் ஹான்சி குரோனியே விவகாரம் வெடித்தபோது நான் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும்வரை அதே பேச்சுதான். "அந்த மேட்ச்ல அவன் ரன் அவுட் ஆனதே சந்தேகம்டா" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். இன்னொருத்தன் பழைய பேப்பரைத் தேடி எடுத்து வருவான். நானும் ஒரு நோட்டு போட்டேன். எந்த மேட்ச், யார், எத்தனை ரன், எப்படி அவுட் என்று வரிசையாக எழுதி, சந்தேகப்பட்ட இடத்தில் சிவப்பு மையால் வட்டம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வட்டம் விழாத ஆளே இல்லை. சச்சின் பெயரைச் சுற்றியும் ஒரு வட்டம் இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் 1919-ம் வருட அமெரிக்க பேஸ்பால் உலகத் தொடரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது அந்த நோட்டு ஞாபகம் வந்தது. நூறு வருஷமாக அமெரிக்க ரசிகர்கள் அதே வட்டங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதை சுருக்கமாக. சிகாகோ வொயிட் சாக்ஸ் அணிக்கும் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கும் இறுதித் தொடர். ஒன்பது ஆட்டங்கள், ஐந்து ஜெயிப்பவருக்குக் கோப்பை. பந்தயப் பணம் பெரும்பாலும் சிகாகோ பக்கம்தான் இருந்தது. தொடரை ரெட்ஸ் 5-3 என்று ஜெயித்தது. ஒரு வருஷம் கழித்து, 1920 செப்டம்பரில், சிகாகோவின் எட்டு வீரர்கள் சூதாட்டக்காரர்களோடு கைகோத்துத் தொடரை விற்றதாக விஷயம் வெளியே வந்தது. எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை. பிளாக் சாக்ஸ் ஊழல் என்று இதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: பேட்டிங் சராசரி என்பது ஒருவர் அடித்த 'ஹிட்'களை அவருக்குக் கிடைத்த பேட்டிங் வாய்ப்புகளால் வகுத்து வருவது. பத்தில் மூன்று அடித்தால் .300. அதுவே நல்ல எண். இன்னொரு விஷயம், இந்த ஸ்கோர் கார்டு நமக்குச் சொந்தக்காரன்தான். அதை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் கிரிக்கெட் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் கார்டைப் பார்த்துதான் இதையும் வடிவமைத்தார்.

1989-ல் தொடங்கிய ரெட்ரோஷீட் என்ற தன்னார்வலர் அமைப்பு பழைய ஆட்டங்களின் விவரங்களையெல்லாம் தொகுத்து இலவசமாகவே கொடுக்கிறது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? 1919 தொடரை எடுத்து உட்கார்ந்தேன். உங்களுக்கும் ஒரு சின்னப் பரீட்சை. சிகாகோ அணியின் முக்கியமான எட்டு பேட்ஸ்மேன்களின் தொடர் சராசரி, பெயர் இல்லாமல்:

அ – .375
ஆ – .324
இ – .304
ஈ – .233
உ – .226
ஊ – .192
எ – .080
ஏ – .056

இவர்களில் ஐந்து பேர் தடை செய்யப்பட்டவர்கள். மூன்று பேர் மேல் யாரும் இன்றுவரை சுட்டுவிரல் நீட்டியதில்லை. அந்த மூன்று பேர் யார்?

எந்த அல்காரிதம் எழுதினாலும் கடைசி ஆளைத்தான் முதலில் பிடிக்கும். 18 வாய்ப்பில் ஒரே ஒரு ஹிட். ஆனால் 'ஏ' என்பவர் நீமோ லீபோல்ட், சுத்தமான ஆள். பாவம், அந்த வாரம் அவருக்கு மட்டை பேசவில்லை. 'உ' எடி காலின்ஸ். அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர், நேர்மைக்குப் பெயர் போனவர். 'இ' ரே ஷால்க், விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் நிற்கும் கேட்சர். அவரும் சுத்தம்.

மேலே இருக்கும் இரண்டு பேர்? 'அ' ஷூலெஸ் ஜோ ஜாக்சன். 'ஆ' பக் வீவர். இரண்டு பேருமே தடை செய்யப்பட்டவர்கள். நடுவில் 'ஈ' சிக் கேண்டில், இந்தச் சதியின் சூத்திரதாரி. அவர் அடித்த ஹிட்கள்தான் 3-வது ஆட்டத்தையும் 6-வது ஆட்டத்தையும் சிகாகோவுக்கு ஜெயித்துக் கொடுத்தன! சூதாட்டக்காரர்கள் பேசின பணத்தை ஒழுங்காகக் கொடுக்காததால் வீரர்கள் நடுவில் மனம் மாறினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். அப்படியென்றால் எந்த ஆட்டம் விற்கப்பட்டது, எந்த ஆட்டம் நிஜமாக ஆடப்பட்டது என்பதே கலங்கிப் போகிறது.

ஜாக்சன் ரசிகர்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரம் அந்த .375 தான். தொடரிலேயே ஒரே ஹோம் ரன் அவருடையது. "தோற்க நினைக்கிறவன் இப்படியா ஆடுவான்?" என்பார்கள். சரி, அதையும் பிரித்துப் பார்ப்போம் என்று சிகாகோ தோற்ற ஐந்து ஆட்டங்களைத் தனியாக எடுத்தேன். 21 வாய்ப்பில் 6 ஹிட், .286. ஜெயித்த மூன்று ஆட்டங்களில் 11-க்கு 6, அதாவது .545. அவர் ஓட வைத்து எடுத்த 6 ரன்களும் கடைசி மூன்று ஆட்டங்களில் வந்தவை. முதல் ஐந்து ஆட்டங்களில் பூஜ்யம். அந்த ஹோம் ரன்னும் கடைசி ஆட்டத்தில் அணி 5-0 என்று பின்தங்கிய பிறகு வந்தது.

பிடிச்சாச்சு என்று ஒரு நிமிஷம் துள்ளினேன். அப்புறம் உறைத்தது. 21 வாய்ப்பில் இன்னும் ஒரே ஒரு பந்து ஃபீல்டருக்குப் பக்கத்தில் தப்பியிருந்தால் .333 ஆகியிருக்கும், என் கண்டுபிடிப்பு அங்கேயே செத்திருக்கும். தோற்ற ஆட்டங்களில் ஒருவரின் எண் குறைவாக இருப்பதும் அதிசயம் இல்லை, எண் குறைந்ததால்தானே தோற்கிறார்கள். ஹாஸ்டல் நோட்டு வேலையையே இப்போது லேப்டாப்பில் செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

சதி வெளியே வந்தது எண்களால் அல்ல, மனிதர்கள் வாயைத் திறந்ததால். 1920 செப்டம்பர் 28 அன்று பிட்சர் எடி சிகாட் சிகாகோவில் கிராண்ட் ஜூரி முன் போய் 10,000 டாலர் வாங்கினதை ஒப்புக்கொண்டார். அதே நாள் ஜாக்சனும் போனார். 20,000 பேசி 5,000 கைக்கு வந்ததாகச் சொன்னார். ஆனால் ஜெயிக்கத்தான் ஆடினேன் என்றும் அதே வாக்குமூலத்தில் சொன்னார். அப்போது அவருடைய வருடச் சம்பளம் 6,000. ஒரு வருஷச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவான பணம் ஒரு கவரில்.

இங்கே பலரும் சொல்லும் காரணம், முதலாளி சார்லஸ் கோமிஸ்கி கஞ்சன், அவர் கொடுமை தாங்காமல்தான் வீரர்கள் இப்படிச் செய்தார்கள் என்பது. எலியட் அசினாஃப் 1963-ல் எழுதிய புத்தகமும், அதிலிருந்து 1988-ல் வந்த படமும் இதைப் பரப்பின. நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஆனால் பின்னால் சம்பளப் பதிவேடுகளைத் தோண்டியவர்கள், அன்றைக்கு அதிகச் சம்பளம் கொடுத்த அணிகளில் வொயிட் சாக்ஸும் ஒன்று என்று காட்டிவிட்டார்கள். அசினாஃபே, தன் புத்தகத்தை யாராவது திருடினால் கண்டுபிடிக்க, இல்லாத ஆளைக் கற்பனையாகச் சேர்த்ததாகப் பின்னாளில் ஒத்துக்கொண்டார். ஒரு அணியின் ஒப்பந்தத்தில் சிக்கினால் அந்த முதலாளி விடாமல் வேறு அணிக்குப் போக முடியாது என்ற விதி அப்போது இருந்தது. அது நிஜக் கொடுமைதான். ஆனால் அது எல்லா அணி வீரர்களுக்கும் இருந்த கொடுமை. காலின்ஸுக்கும் ஷால்க்குக்கும்கூட.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு புதுப் பையன். டிக்கி கெர், ஐந்தடி ஏழு அங்குலம், முதல் வருஷம் ஆடும் இடதுகைப் பிட்சர். பின்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் விலை போனவர்கள். அப்படியும் அவர் போட்ட இரண்டு ஆட்டங்களும் வெற்றி. அதில் ஒன்றில் எதிரணிக்கு ரன்னே இல்லை. பின்னால் சம்பளத் தகராறில் அணியை விட்டு விலகி, தடை செய்யப்பட்டவர்கள் ஆடிய ஒரு உதிரி ஆட்டத்தில் கலந்துகொண்டார் என்று அவருக்கும் தண்டனை கிடைத்தது. அந்தத் தொடரில் முழுசாக நேர்மையாக ஆடின ஆளுக்கு!

1921 ஆகஸ்ட் 2. ஜூரி எல்லோரையும் விடுதலை செய்தது. கிராண்ட் ஜூரி வாக்குமூலத் தாள்கள் விசாரணைக்கு முன்பே காணாமல் போயிருந்தன. (1924-ல் ஜாக்சன் சம்பளப் பாக்கி கேட்டு வழக்குப் போட்டபோது, கோமிஸ்கியின் வக்கீல் பையிலிருந்து அவை வெளியே வந்தன. நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கா?) அன்று இரவு வீரர்கள் கொண்டாடினார்கள். மறுநாள், புதிதாக நியமிக்கப்பட்ட கமிஷனர், நீதிபதி கெனசா மௌன்டன் லாண்டிஸ் அறிக்கை விட்டார். ஜூரி என்ன சொன்னாலும் சரி, ஆட்டத்தைத் தோற்றவனும், தோற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவனும், அப்படிப் பேசிய கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு அணியிடம் சொல்லாமல் இருந்தவனும் இனி ஆட முடியாது.

அந்த மூன்றாவது வகை பக் வீவருக்காகவே எழுதியது. வீவர் கூட்டங்களில் இருந்தார். பணம் வாங்கவில்லை. தொடரில் .324 அடித்தார், ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூட இல்லை. அவர் செய்தது ஒன்றுதான். கூட ஆடுகிறவர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. தண்டனை, சிகாட்டுக்குக் கிடைத்த அதே ஆயுள் தடை. 1956-ல் சாகும்வரை திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். யாரும் அசையவில்லை.

முதலில் படித்தபோது லாண்டிஸ் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பேசாமல் இருந்ததற்கு ஆயுள் தடையா? அப்புறம் என் கதையே ஞாபகம் வந்து உறுத்தியது. பல வருஷம் முன்னால், நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய வேக சோதனை முடிவுகள். மெதுவாக ஓடின சோதனைகளை எடுத்துவிட்டுச் சராசரி போட்டார்கள். அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன். டெஸ்டிங்கில் இருந்த ஒரு சின்னப் பையன்தான் கேட்டான், "சார், அந்த மூணு ரன் எங்க?" அவனை அடுத்த மாதம் வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் எண்ணை மாற்றவில்லை. பொய் சொல்லவில்லை. என் பங்கு வேலையை ஒழுங்காகச் செய்தேன். என் ஸ்கோர் கார்டும் அந்த வருஷம் .324 தான், நல்ல ரேட்டிங், நல்ல இன்கிரிமென்ட்.

ஆகவே வீவர் அப்பாவி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கெர் போன்ற ஒரு பையன் விலை போன அணியை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பந்து போட வேண்டி இருந்திருக்காது. அதற்காகப் பணம் வாங்கினவனும் வாங்காதவனும் ஒன்று என்றும் சொல்ல முடியவில்லை. லாண்டிஸின் தராசில் நடுவில் ஒரு கோடே இல்லை. அதோடு, அவர் கமிஷனராக இருந்த 24 வருஷமும் பெரிய லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. கதவைத் திறக்க அவர் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. 1944-ல் அவர் இறந்தார், ஜாக்கி ராபின்சன் உள்ளே வந்தது 1947-ல். பக்கத்தில் நடக்கிற அநியாயத்தைச் சொல்லாமல் இருப்பது குற்றம் என்று விதி எழுதினவர் அவர்.

2025 மே மாதம் தற்போதைய கமிஷனர் ராப் மன்ஃப்ரெட், நிரந்தரத் தடை என்பது மரணத்தோடு முடிகிறது என்று அறிவித்தார். பீட் ரோஸோடு சேர்த்து 1919-ன் எட்டுப் பேர் மேல் இருந்த தடையும் போனது. ஜாக்சனைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பதைப் பற்றி 2027 டிசம்பரில் கூடும் குழு யோசிக்கலாம். ரசிகர்கள் இப்போதே மல்லுக்கட்டுகிறார்கள். அவருடைய வாழ்நாள் சராசரி .356, அந்த எண்ணை ஒதுக்கவே முடியாது என்கிறார்கள்.

வீவரைப் பற்றி அவ்வளவு சத்தம் இல்லை. அவருடைய வாழ்நாள் சராசரி .272.