அன்னபூரணியும் ஒரு முற்றத்துத் தோணியும்

கதிரவெளியில் ஒரு வீட்டு முற்றத்திலே, பழைய மரத்தோணியொன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டேன். உளுத்த பலகைகளை மாற்றியபின், இடுக்குகளில் பஞ்சுத்திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செறித்துக்கொண்டிருந்தார். இதற்குக் கலப்பற்று என்று பெயர். பலகை நீரில் ஊறி உப்பும்போது பஞ்சு இறுகிக் கசிவை அடைக்கும்.

“பாயும் கட்டுவீர்களா, ஐயா?” என்றேன்.

“கட்டத்தானே வேணும், தம்பி.”

அன்னபூரணியின் நினைவு வந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடி நீளப் பாய்க்கப்பல் அது. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர்.

2004 ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் வள்ளங்களை நொறுக்கியது. நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. அவை பலர் வீட்டில் அடுப்பெரியச் செய்தன, குறைகூற மாட்டேன். 2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டு அகன்றனர். இவ்விரு பேரிடர்களுக்கிடையே கைத்தொழிலைக் கற்பிக்க எவருக்கு அவகாசமிருந்தது?

அன்னபூரணியின் பயணத்தை நாம் பலமுறை எழுதிவிட்டோம். அதனை மிதக்கவைத்த கலப்பற்றை எழுதியவர் சிலரே. அந்த முற்றத்தில் உளியை வாங்கிப் பார்க்க அருகே ஓர் இளைஞரும் இருக்கவில்லை.