துருவின் கணக்கு

இரசாயனத் தாக்கத்தின் வேகத்தை அளந்து, கணிதச் சமன்பாட்டில் முதன்முதலாக அமைத்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்மி. அமிலத்திலிட்ட கரும்புச் சர்க்கரை மாறும் வேகத்தை, கரைசலூடே செல்லும் முனைவாக்கிய ஒளி திரும்பும் கோணத்தைக்கொண்டு 1850இல் அவர் கணித்தார். எஞ்சிய சர்க்கரை குறையக் குறைய வேகமும் குறைந்தது.

இரும்பு துருப்பிடிப்பதும் ஓர் இரசாயனத் தாக்கமே. அதன் வீதத்தை அறிய நமக்குத் தராசே போதும். நிறுத்த தகட்டைக் கடற்காற்றில் வைத்து, பின்னர் துருவை நீக்கி மீண்டும் நிறுத்து, எடையிழப்பைப் பரப்பாலும் காலத்தாலும் வகுத்தல் வேண்டும். ஈரமும் ஒட்சிசனும் இரும்பை அரிக்கும். உப்பு அவ்வரிப்பை விரைவாக்கும்.

இம்மூன்றும் ஒருங்கே கூடிய இடம் திருகோணமலைத் துறைமுகம். அங்கே சீனக்குடாவில் பிரித்தானியர் தம் கடற்படைக்கென எழுப்பிய எண்ணெய்க் குதங்களுள் ஒன்று, 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. குதங்களைச் செப்பனிடுவது குறித்து இந்திய, இலங்கைத் தலைவர்கள் 1987இல் கடிதம் பரிமாறினர். எஞ்சிய 99 குதங்களுள் 61க்கான கூட்டு உடன்படிக்கை 2022இலேதான் கைச்சாத்தாயிற்று. இடையே 35 ஆண்டுகள்! உடைமை எவருடையது என்ற வாதம் முடியும்வரை துரு காத்திருக்கவில்லை.

போரின் அழிவை உலகம் கண்டது. துருவின் அழிவையோ அளந்தாலன்றி நாம் அறியோம். அளக்கப்படாத இழப்புக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. மக்கள் உடைமைக்கு நேரும் இழப்பை அளந்து ஊரறியச் சொல்லுதல், விஞ்ஞானம் கற்ற நம் கடமையன்றோ?