புயல் கூண்டிலிருந்து எல்.இ.டி. பலகை வரை: கடலூர்க் கரையில் ஒளிக்குறிகளின் வரலாறு

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால், கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. கூண்டு என்பது பகலில் கம்பத்தில் தொங்கவிடப்படும் கூம்பு, உருளை வடிவக் குறிகளைக் குறிக்கும். இரவில் அதே செய்தியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் தெரிவிக்கும். எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையப் பலகைகளில் ஒற்றைப் பலகைக் கணினியைக் கொண்டு தமிழ் எழுதும் இன்றைய முறை இந்த ஒளிக்குறிகளின் அடுத்த படியாகும்.

கூண்டின் தோற்றம்

1864இல் கொல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கிப் பேரழிவை விளைவித்தன. அதனால் 1865இல் கொல்கத்தாத் துறைமுகத்தில் முதலில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. 1898இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் பொதுவான குறிமுறை வந்தது. இம்முறையில் மொத்தம் 11 குறிகள் உள்ளன. 1, 2 தொலைவில் உள்ள புயலைச் சுட்டுகின்றன. 8, 9, 10 பேரபாயத்தைக் குறிக்கின்றன. 11 வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்ததைத் தெரிவிக்கிறது.

இம்முறையில் இரு குறைகள் உள்ளன. ஒன்று, 11 செய்திகளுக்கு மேல் சொல்ல இயலாது. மற்றொன்று, கடலூர் முதுநகரில் ஏற்றும் கூண்டு சிதம்பரம் அருகிலுள்ள கிள்ளைக்கோ பரங்கிப்பேட்டைக்கோ தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அதனை முன்கூட்டி அறிவிக்கும் அமைப்பு இந்தியாவில் இல்லை. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கியது. மையம் தரும் செய்தியைக் குப்பத்தில் இருப்பவர் உடனே படித்துப் புரிந்துகொள்ளச் செய்வது அடுத்த சிக்கலாக இருந்தது.

ஒளிப்புள்ளியும் சிறு கணினியும்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்கரான நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ நுண்கட்டுப்படுத்திப் பலகை பிறந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் ராஸ்பெரி பை ஒற்றைப் பலகைக் கணினி விற்பனைக்கு வந்தது.

கடைத்தெருக்களில் ஓடும் எழுத்துப் பலகைகள் பெரும்பாலும் பி10 வகையைச் சேர்ந்தவை. அதில் புள்ளிகளுக்கிடையே 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு பலகையில் 32 நிரல்களும் 16 வரிசைகளுமாக 512 புள்ளிகள் உண்டு. ஒற்றை நிறப் பலகையில் ஒரு நேரத்தில் கால்பங்கு வரிசைகள் மட்டுமே எரியும். நான்கு பங்குகளையும் மிக விரைவாக மாற்றி மாற்றி எரியச் செய்வதால், கண்ணுக்கு முழுப் பலகையும் ஒளிர்வதாகத் தோன்றும். நிரல் சற்றே தாமதித்தாலும் எழுத்து மினுங்கும். ஆகவே, படத்தை ஆயத்தம் செய்யும் வேலையைக் கணினியிடமும், புள்ளிகளை எரிக்கும் வேலையை நுண்கட்டுப்படுத்தியிடமும் பிரித்துக் கொடுப்பதுண்டு.

தமிழ் எழுத்தின் சிக்கல்

ஆங்கில எழுத்துக்கு அகலம் 5, உயரம் 7 புள்ளிகள் போதும். மேலே புள்ளியும் கீழே வளைவும் கொண்ட தமிழுக்கு 16 வரிசைகள் இருந்தால்தான் தெளிவு கிடைக்கும். ஒருங்குறியில் 'கொ' என்பது 'க' என்னும் அகரமேறிய எழுத்தாகவும் அதன்பின் வரும் ஒகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. பலகையிலோ கொம்பு முன்னும் கால் பின்னும் வரவேண்டும். குறியீடுகளை வந்த வரிசையிலேயே அச்சிடும் எளிய நிரலில் 'கொள்ளிடம்' என்ற ஊர்ப்பெயரே சிதைந்துவிடும்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. லினக்ஸில் இயங்கும் ராஸ்பெரி பை போன்ற கணினி எழுத்துருவைக் கொண்டு சொல் முழுவதையும் படமாக்கித் தரும். நுண்கட்டுப்படுத்தியில் எழுத்து வடிவங்களை முன்பே சேமித்து வைக்கலாம். 16க்கு 16 புள்ளி கொண்ட ஓர் எழுத்துக்கு 32 பைட்டுகள் வேண்டும். 247 எழுத்துகளுக்கு 7,904 பைட்டுகள் ஆகும். ஆர்டுயினோ ஊனோவின் 32 கிலோபைட் நினைவகத்தில் இது அடங்கும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றைச் சீராக்கியதால், பொதுக் குறிகளைத் தனியே சேமித்து நினைவகத்தை மேலும் மிச்சப்படுத்தலாம். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியுடன் ஏற்ற 'தமிழ் அனைத்து எழுத்துக் குறியீடு' ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தருவதால் இம்முறைக்கு ஏற்றதாகும்.

தானே புயல் தந்த பாடம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. எச்சரிக்கைப் பலகை மிகவும் தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் இருப்பதில்லை என்பதே இதன் பொருள். எனவே மின்கலமும், குறைந்த ஒளியில் இயங்கும் நிரலும், செய்தி வராவிடில் அதனையே அறிவிக்கும் ஏற்பாடும் பலகைக்குத் தேவை. தொடர்பு அறுந்ததைச் சொல்லத் தனிக்குறி வைத்த பழைய கூண்டு முறை இன்று நிரல் எழுதும் மாணவருக்கும் வழிகாட்டுகிறது.