சிறுகடைச் சந்தைப்படுத்தல் (தில்லை நகர், திருச்சிராப்பள்ளி)

சிறுகடைச் சந்தைப்படுத்தல் என்பது ஒரு வட்டாரத்துக்குள் இயங்கும் கடையோ தொழிலோ, சுற்றி வாழ்பவர்கள் மனத்திலும் அவ்வழியே வந்துபோகிறவர்கள் மனத்திலும் தன் பெயரைப் பதிய வைப்பதற்கும், ஒருமுறை வந்தவரை மறுபடி வரவழைப்பதற்கும் செய்யும் வேலை. பெரிய நிறுவனங்கள் இதற்கென்று தனித்துறை வைத்திருக்கின்றன. சிறுகடையில் கல்லாவில் உட்கார்பவரே சரக்கு எடுக்கிறார், கணக்கு எழுதுகிறார், கடை பூட்டுகிறார். விளம்பரமும் அவர் தலையில்தான் விழும். கடை பூட்டும் நேரத்தில் மிச்சமிருக்கும் அரைமணியில் முடியாத எந்தத் திட்டமும் அவருக்கு உதவாது.

இந்த வேலையைச் சுருக்கிச் சொன்னால், வாடிக்கையாளர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதைக் குறைப்பது எனலாம். ஒரு பெயர், ஓர் இடம், ஒரு பொருள், ஒரு தொலைபேசி எண். இவை நான்கும் தெளிவாக இருந்தால் மீதியை ஊர் வாய் பார்த்துக்கொள்ளும். இவை தெளிவாக இல்லாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்.

இடம்

தில்லை நகர் திருச்சிராப்பள்ளி மாநகரில் உறையூர், தென்னூர், புத்தூர் ஆகியவற்றை ஒட்டியுள்ள குடியிருப்பும் கடைத்தெருவும் கலந்த பகுதி. அஞ்சல் குறியீட்டு எண் 620018. ஒரு மெயின் ரோடு, அதிலிருந்து இரு பக்கமும் பிரியும் குறுக்குத் தெருக்கள். அந்தத் தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: முதல் கிராஸ், இரண்டாவது கிராஸ் என்று பத்துக்கு மேல் போகும். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு என்று பிரிவும் உண்டு. பக்கத்தில் சாஸ்திரி ரோடும் சாலை ரோடும் நெரிசலான கடைத்தெருக்கள்.

எண் வைத்த தெருக்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு எல்லாத் தெருவும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் இங்கே வழி சொல்கிறவர்கள் எண்ணோடு நிறுத்துவதில்லை. “அஞ்சாவது கிராஸ்ல திரும்புங்க, மருந்துக்கடை ஒன்னு வரும், அதுக்கு எதிர்ல” என்று ஏதாவது ஒரு கடையைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். அப்படி அடையாளமாகிவிட்ட கடைக்கு ஊரே சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்கிறது. ஆட்டோ ஓட்டுநரும் வீடு பார்க்க வந்தவரும் கூரியர் கொண்டுவரும் பையனும் அந்தக் கடைப் பெயரை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெயர்ப்பலகையைத் தெருமுனையிலிருந்தே படிக்க முடிய வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், பெயர் வாயில் சிக்காமல் வர வேண்டும். தில்லை நகரில் கடை போடுகிறவர் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

இங்கே இரண்டு வகை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் குடியிருப்பவர், காலைப் பால் முதல் இரவுச் சிற்றுண்டி வரை நடந்தே வந்து வாங்குபவர். இன்னொருவர் வெளியூர்க்காரர். தில்லை நகரில் மருத்துவமனைகளும் மருத்துவர்களின் கிளினிக்குகளும் நிறைய. புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர்ப் பக்கத்திலிருந்து வருகிற நோயாளியோடு துணைக்கு வந்தவர் டோக்கன் போட்டுவிட்டு, ஃபிளாஸ்கைக் கையில் பிடித்தபடி வெந்நீர் கிடைக்குமா என்று கடை கடையாகக் கேட்டு நடப்பது இங்கே அன்றாடக் காட்சி. குடியிருப்பவருக்கு வேண்டியது கணக்கு நோட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதும். துணைக்கு வந்தவருக்கு வேண்டியது விலை எழுதிய பலகையும் உட்கார ஒரு பெஞ்சும். இருவருக்கும் ஒரே நோட்டீஸ் அடித்தால் இருவருமே படிக்க மாட்டார்கள். தான் யாருடைய கடை என்று முடிவுசெய்வதே சந்தைப்படுத்தலில் பாதி வேலை.

ஒரு கடை, ஒரு பொருள்

திருச்சி வட்டாரத்தில் பல்லாண்டாக நிலைத்த கடைகளைப் பார்த்தால், அவற்றின் பெயரோடு ஏதாவது ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். திருவானைக்காவல் ஸ்ரீ பார்த்தசாரதி விலாஸ் 1943 முதல் நடக்கும் சிற்றுண்டிக் கடை. அதன் பெயரைச் சொன்னதும் திருச்சிக்காரர் நாக்கில் வருவது நெய் ரோஸ்ட். மலைக்கோட்டைக்கு அருகே நந்தி கோயில் தெருவில் உள்ள யானை மார்க் நெய் மிட்டாய்க் கடை நூறாண்டு கடந்தது. அதன் பெயரிலேயே நெய்யும் இருக்கிறது, மிட்டாயும் இருக்கிறது. மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம் கடைக்கு, சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்று தம் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் பட்டியல் கேட்டு நிற்பதில்லை.

தில்லை நகருக்குப் பக்கத்து உறையூர் இதைவிடப் பழைய உதாரணம். உறையூரிலும் சுற்றுப்புறத்திலும் உருட்டிய சுருட்டு, ஊர்ப் பெயராலேயே ‘டிரிச்சினாப்பள்ளி’ என்று பிரிட்டன் வரை விலைபோனது. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் நாவலில் சாம்பலை வைத்தே துப்பறிவாளர் அடையாளம் கண்டது இந்தச் சுருட்டைத்தான். உருட்டியவர்கள் லண்டனில் ஒரு விளம்பரப் பலகையும் வைத்தவர்கள் அல்லர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கின் கதையும் இந்த வகைதான். ரயில் நின்ற நேரத்தில் ஜன்னலோரம் வந்து விற்றவர்களின் குரல்தான் அதன் விளம்பரம்.

பொருளைக் குறைப்பது விற்பனையைக் குறைத்துவிடும் என்ற அச்சம் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்டு சகோதரர்கள் 1948இல் நன்றாக நடந்துகொண்டிருந்த தம் உணவகத்தைச் சில மாதம் மூடி, நீண்ட பட்டியலை ஒன்பது அயிட்டமாக வெட்டி, ஹாம்பர்கரை 15 சென்ட்டுக்கு விற்றார்கள். வேகமும் விலையும் பேச்சாக, கூட்டம் வந்தது. தில்லை நகரில் புதிதாக டிபன் கடை திறக்கிறவர் இதைப் பின்பற்றத் தயங்குவதற்குக் காரணம் புரிகிறது. பக்கத்துக் கடையில் பரோட்டா, ஃபிரைடு ரைஸ், ஜூஸ் எல்லாம் இருக்கும்போது நம்மிடம் இல்லாவிட்டால் வந்தவர் திரும்பிவிடுவாரே என்ற கவலை. எல்லாம் விற்கட்டும், தவறில்லை. ஆனால் பலகையிலும் நோட்டீஸிலும் பேச்சிலும் ஒன்றைத்தான் முன்னே வைக்க வேண்டும். அந்த ஒன்றை ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை என்ற நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அளவும் விலையும்

சந்தைப்படுத்தலை எளிமையாக்குவதில் தமிழ்நாடு உலகுக்கே ஒரு பாடம் தந்திருக்கிறது. கடலூர் சின்னி கிருஷ்ணன், பாட்டிலில் மட்டுமே கிடைத்த ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று செய்து காட்டினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது. காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று அவர் அறிவித்த திட்டம் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வழியாகவே பரவியது. வாங்குகிறவர் கையில் அன்றைக்கு எவ்வளவு காசு இருக்கிறதோ அந்த அளவுக்குப் பொருளை வெட்டித் தந்ததுதான் அங்கே விளம்பரம். அரை டிகிரி காபியும் நூறு கிராம் மிக்சரும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன.

தள்ளுபடி வேறு சமாசாரம். ஆடி பிறந்தால் என்.எஸ்.பி. ரோட்டுப் பெரிய ஜவுளிக்கடைகளின் பையோடு பாதி ஊர் நடக்கும். சிறுகடை அதோடு மோதினால் லாபமும் போகும், அடுத்த ஆடி வரை காத்திருக்கவும் வாடிக்கையாளர் பழகிவிடுவார். விலையைக் குறைப்பதைவிடக் கொசுறு நல்லது. காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இனிப்பு வாங்கினால் குழந்தை கையில் ஒரு துண்டு. விலை விலையாகவே நிற்கும். கொடுத்த கை நினைவில் இருக்கும்.

கி.ஆ.பெ. விசுவநாதம்

தில்லை நகரில் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் பள்ளி இருக்கிறது. திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அவர் பெயரே. முத்தமிழ்க் காவலர் என்று தமிழுலகம் அவரை (1899–1994) மொழிப் போராட்டத்துக்காகவும் சித்த மருத்துவப் பற்றுக்காகவும் கொண்டாடுகிறது. அவர் திருச்சியில் புகையிலை வணிகம் செய்தவர் என்பதும், ‘எது வியாபாரம்? எவர் வியாபாரி?’ என்று வணிகர்களுக்காகவே ஒரு நூல் எழுதியவர் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கடைத்தெருவை உள்ளிருந்து அறிந்த ஒருவர் நல்ல தமிழில் எழுதிய வணிக நூல் இந்த ஊருக்குச் சொந்தமாக இருக்கும்போது, கடை திறக்கும் இளைஞர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

நோட்டும் கைபேசியும்

தையற்கடைகளில் அளவு நோட்டு என்று ஒன்று இருக்கும். மூலை மடங்கி எண்ணெய்ப்பசை ஏறிய நீள நோட்டு. பெயர், மார்பு, இடுப்பு, கை நீளம், ஓரத்தில் ஒட்டிய துணித்துண்டு, அடியில் தொலைபேசி எண். தையற்காரருக்கு அது அளவு பார்க்க. விற்பனைக் கண்ணோடு பார்த்தால் அது தெருவின் மக்கள்தொகைக் கணக்கு: யார் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிறது, யார் தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்துப் பொங்கலுக்கு வரவில்லை, எல்லாம் அதிலேயே தெரியும். மே மாதக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டி, பிள்ளை உள்ள வீடுகளுக்கு மட்டும் “சீருடை தைக்கக் கொடுப்பதானால் இந்த வாரம் கொடுங்கள், பள்ளி திறப்பதற்குள் தந்துவிடுகிறேன்” என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கடைக்காரர் பிட் நோட்டீஸ் அடித்துச் செய்தித்தாளில் வைத்து அனுப்ப 3,000 ரூபாய் செலவழிக்கிறார், ஒரு விற்பனையில் அவருக்கு 20 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்பவே 150 புது விற்பனை வேண்டும். அதே கடையின் பழைய வாடிக்கையாளர் ஐம்பது பேர் மாதம் ஒருமுறை கூடுதலாக வந்தால் மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதற்கான செலவு அவர்களை நினைவில் வைத்திருப்பது மட்டும்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தபின் அளவு நோட்டின் வேலை கைபேசிக்கு மாறியிருக்கிறது. கடை நேரம், முகவரி, பொருள் படங்கள், விலை எல்லாவற்றையும் அதில் வைக்கலாம். ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடை எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே “எங்க நம்பரைப் போட்டு வச்சுக்குங்கண்ணே” என்று கேட்டு வாங்குவது நல்ல பழக்கம். காலை வணக்கப் பூப்படம் அனுப்புகிற கடையை மூன்றாம் நாள் முடக்கிவிடுவார்கள். சொல்ல விஷயம் இருக்கும் நாளில் மட்டும் சொல்ல வேண்டும்.

கூகுள் மேப்ஸில் கடையைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. தில்லை நகரில் இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும்: கிழக்கு கிராஸில் இருக்கும் கடைக்கு மேற்கு கிராஸில் குறி விழுந்துவிட்டால், தேடி வந்தவர் மெயின் ரோட்டின் மறுபக்கம் அலைந்து திரும்பிவிடுவார். கடைக்காரர் தானே கைபேசியை எடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வழிகாட்டச் சொல்லி, வாசல் வரை வந்து பார்ப்பதே சரியான சோதனை. ஞாயிறு விடுமுறை என்றால் அதையும் குறிக்க வேண்டும். பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பியவர் எழுதும் ஒரு வரி, பத்துப் பேர் பாராட்டை அழித்துவிடும். குறை எழுதியவருக்குச் சண்டை போடாமல் பதில் சொன்னால், படிக்கிற அடுத்தவர் அந்தப் பதிலை வைத்தே கடையை எடைபோடுவார்.

தினசரிக் காலண்டர்

இத்தனை வந்தபின்பும் சிவகாசிக் காலண்டருக்கு இணை இல்லை. புத்தாண்டுக்கு முன்னால் கடைக்காரர் கொடுக்கும் தினசரிக் காலண்டர், ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் கடைப் பெயரோடு தொங்கும். ராகுகாலம் பார்க்க, பால் கணக்குக் குறிக்க, அமாவாசை தெரிந்துகொள்ள வீட்டுக்காரர் தினம் அதன் முன்னால் வந்து நிற்கிறார். காசு கொடுத்து வாங்கிய விளம்பரம் எதற்கும் இந்த மரியாதை கிடைக்காது.

அந்தக் காலண்டரே கடைக்காரருக்கும் திட்டம். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துக்குக் கட்டுச்சாதத்தோடு கிளம்பும் குடும்பங்கள், மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வரும் உறவினர்கள், செவ்வாய் வெள்ளியில் உறையூர் வெக்காளியம்மன் கோயில் கூட்டம், ஜூனில் பள்ளித் திறப்பு. இவற்றில் தன் பொருளுக்குப் பொருந்தும் மூன்று நான்கு நாள்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சட்டம்

தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் விதிகள் (1948) பெயர்ப்பலகையில் தமிழை முதன்மையாக எழுதச் சொல்கின்றன. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்தபின், அனுமதியில்லாத பேனர்கள் மீது கெடுபிடி அதிகமானது. நடைபாதையை மறித்துப் பலகை வைக்கும் கடைக்காரர் தன் வாடிக்கையாளரைத்தான் சாலையில் இறக்கி நடக்கவைக்கிறார்.

கைமாறும் கடை

கடையை விற்கும்போது மேசை நாற்காலி, சரக்கு, முன்பணம் போக, கடைப் பெயருக்கும் ஒரு விலை பேசுவார்கள். ‘குட்வில்’ என்று கடைத்தெருவில் சொல்வது அதைத்தான். வாங்குகிறவர் பெயர்ப்பலகையைக் கொஞ்ச காலம் மாற்றாமல் வைத்திருப்பதும், பழைய தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கேட்பதும் வழக்கம். விவரமானவர்கள் பழைய முதலாளியைச் சில நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்கள். வருகிறவர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், புதியவர் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதுவார்.