வெற்றுக் கட்டம்

எழுதி வைத்தது அத்தாட்சி, வாயால் சொன்னது வதந்தி என்கிற நம்பிக்கை நம் எல்லோரிடமும் இருக்கிறது. எழுத்தோடு உறவு கொண்டவர்களிடம் சற்று அதிகமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் தம் மூதாதையரைத் தேடுகிறவர்கள் இந்த நம்பிக்கையுடன்தான் சென்ஸஸ் ஏடுகளுக்குள் நுழைகிறார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு ஏடு. ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் பாட்டன், பூட்டன் என்று குடும்பம் தானாகவே அவிழ்ந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. 1950 வரையிலான ஏடுகள் இன்று பொதுப் பார்வைக்கு வந்துவிட்டன. அவற்றின் வழியே ஒரே ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்தால் இந்த நம்பிக்கை என்ன ஆகிறது என்று பார்க்க விரும்பினேன். நான் எடுத்துக்கொண்டது வர்ஜீனியாவில் மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்த ஸாலி ஹெமிங்ஸின் குடும்பம். பண்ணையின் சொந்தக்காரர் தாமஸ் ஜெஃபர்ஸன்.

முதலில் ஏட்டைப் பற்றி. அமெரிக்க சென்ஸஸ் 1790இல் தொடங்கியது குடும்பங்களை அறிவதற்காக அல்ல. எந்த மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று நிர்ணயிக்க அரசியல் சட்டம் தலைக்கணக்கு கேட்டது. அந்தக் கணக்கில் ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு. அதனால் குடும்பத் தலைவனின் பெயர் மட்டும் போதும், மற்றவர்கள் எண்கள். 16 வயது நிரம்பிய சுதந்திர வெள்ளை ஆண்கள், அதற்குக் குறைந்த வயதினர், வெள்ளைப் பெண்கள், இதர சுதந்திர மனிதர்கள், அடிமைகள் என்று ஐந்து கட்டங்கள். மொத்தம் 39 லட்சத்துச் சொச்சம் பேர், அதில் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள்.

அப்போது வெளிவிவகார மந்திரி ஜெஃபர்ஸன்தான். 1791இல் இந்தக் கணக்கின் பிரதிகளை அவர் ஐரோப்பாவிலிருந்த தூதர்களுக்கு அனுப்பினார். உண்மையில் வந்துசேர்ந்த எண்களைக் கறுப்பு மையிலும், வராத இடங்களுக்குத் தம் அனுமானத்தைச் சிவப்பு மையிலும் எழுதியிருந்தார். அனுமானம் உண்மைக்கு வெகு நெருக்கம் என்றும் உறுதி கூறினார். தெரிந்ததையும் ஊகித்ததையும் இரண்டு நிறங்களில் பிரித்துக் காட்டிய இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஏடுகளில் இரண்டும் ஒரே மையில்தான் இருக்கின்றன.

ஸாலி 1773 வாக்கில் பிறந்தவர். தகப்பன் ஜெஃபர்ஸனின் மாமனாரான ஜான் வேல்ஸ் என்பது குடும்பத்தில் வழங்கிய செய்தி. அப்படியானால் ஜெஃபர்ஸனின் இறந்துபோன மனைவிக்கு ஸாலி மாற்றாந்தாய் மகள், தங்கை முறை. 1787இல், பதினான்கு வயதுச் சிறுமியாக, ஜெஃபர்ஸனின் மகளுக்குத் துணையாகப் பாரிஸுக்குப் போனார். 1789இல் திரும்பினார். வளர்ந்து ஆளானவர்கள் நான்கு குழந்தைகள்: பெவர்லி, ஹாரியட், மாடிஸன், ஈஸ்டன். ஜெஃபர்ஸன் தம் கையால் எழுதிவந்த பண்ணைப் புத்தகத்தில் இவர்கள் பெயர்கள் தாயின் பெயரோடு இருக்கின்றன, துணிக் கணக்கு, போர்வைக் கணக்குகளோடு. தகப்பன் பெயர் இல்லை.

சென்ஸஸில் அதுவும் கிடையாது. 1820ஆம் வருஷத்துப் படிவம் அடிமைகளை முதல் தடவையாக வயதுவாரியாகப் பிரித்தது: 14க்குக் கீழ், 14லிருந்து 26, 26லிருந்து 45, அதற்கு மேல். அந்த விதிப்படி ஸாலி ஒரு வயதுப் பிரிவில் விழுவார், கடைசிப் பையன் ஈஸ்டன் இன்னொன்றில், மற்ற மூவரும் வேறொன்றில். மூன்று வயதுப் பிரிவுகளில் மற்ற அடிமைகளோடு கலந்துபோன ஐந்து எண்கள். அதை ஒரு குடும்பம் என்று சொல்ல ஏட்டுக்குள் எந்தத் தடயமும் கிடையாது. தேடுகிறவன் வேறு எங்கிருந்தாவது அந்தச் சேதியைக் கொண்டுவர வேண்டும்.

இந்தக் குழந்தைகள் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு விசித்திரமான பதில் இருந்தது. வர்ஜீனியாவில் 1662 முதல் குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது; அடிமைத் தாயின் பிள்ளை அடிமை. 1785ஆம் வருஷத்துச் சட்டமோ, நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் கறுப்பு ரத்தம் உள்ளவர்தான் முலாட்டோ, அதாவது கலப்பினத்தவர் என்றது. ஸாலியின் பிள்ளைகளுக்கு எட்டில் ஒரு பங்கு. ஆக, அவர்கள் சட்டப்படி வெள்ளையர்கள், சட்டப்படியே அடிமைகள். முலாட்டோ யார் என்று கேட்ட ஒருவருக்கு 1815இல் எழுதிய கடிதத்தில் ஜெஃபர்ஸன் இதை அல்ஜீப்ராவாகவே போட்டுக் காட்டினார். வெள்ளை ரத்தத்துக்குப் பெரிய எழுத்து, கறுப்பு ரத்தத்துக்குச் சிறிய எழுத்து. மூன்றாவது கலப்பில் கறுப்பு கணக்கில் வராமல் போய்விடும்; ஆனால் அதனால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது; விடுவிக்கப்பட்டால் அவன் சுதந்திர வெள்ளையன், நாட்டின் பிரஜை. இதை அவர் எழுதியபோது 6 வயதிலிருந்து 16 வயது வரை நான்கு உதாரணங்கள் அவர் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்தன. கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெவர்லியும் ஹாரியட்டும் 1822இல் மாண்டிசெல்லோவை விட்டுப் போய் வெள்ளையர்களாக வாழ்ந்தார்கள். யாரும் அவர்களைத் துரத்திப் பிடிக்கவில்லை. ஜெஃபர்ஸன் 1826 ஜூலை 4 அன்று இறந்தார். மாடிஸனும் ஈஸ்டனும் அவருடைய உயில் மூலம் விடுதலை பெற்றார்கள். ஸாலியின் பெயர் உயிலில் இல்லை; எழுத்தில்லாமலே போகவிட்டார்கள். 1827 ஜனவரியில் பண்ணையின் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தபோது ஸாலி மகன்களோடு சார்லட்ஸ்வில் ஊரில் குடியேறியிருந்தார்.

இங்கிருந்துதான் ஏடுகள் சுவாரஸ்யமாகின்றன. 1830 சென்ஸஸில் அந்த வீட்டில் இருந்தவர்கள் வெள்ளையர்களுக்கான கட்டங்களில் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். 1831இல் நாட் டர்னரின் தலைமையில் அடிமைகளின் கிளர்ச்சி. அதன் பின் வர்ஜீனியா சுதந்திரக் கறுப்பர்களைத் தனியாக எண்ணத் தொடங்கியது. 1833இல் எடுத்த அந்த விசேஷக் கணக்கில் அதே ஸாலி, 1826 முதல் சார்லட்ஸ்வில்லில் வசிக்கும் சுதந்திர முலாட்டோ. மூன்று வருஷத்தில் ரத்தம் மாறிவிடவில்லை. எண்ணியவர்களின் நோக்கம் மாறியிருந்தது. 1835இல் ஸாலி இறந்தார்.

மகன்கள் இருவரும் ஒஹாயோவுக்குப் போனார்கள். மாடிஸன் தச்சு வேலை. ஈஸ்டன் சில்லிகாத்தே ஊரில் வயலின் வாசித்துப் பேர் வாங்கியவர். 1850 சென்ஸஸ் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரையும் முதல் தடவையாகப் பெயர் சொல்லி எழுதியது. வம்சாவளி தேடுகிறவர்கள் கொண்டாடும் ஏடு அது. அடிமைகளுக்குத் தனி ஏடு. அதில் சொந்தக்காரன் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும். நிறத்துக்கான கட்டத்தை நிரப்ப, எண்ணப் போகிறவனுக்கு எழுத்து மூலமான உத்தரவு இருந்தது: கறுப்பர் என்றால் ஓர் எழுத்து, முலாட்டோ என்றால் ஓர் எழுத்து, வெள்ளையர் என்றால் ஒன்றும் எழுதாதே, காலியாக விடு.

இந்த உத்தரவைப் படித்தபின் அந்த ஏடுகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. பக்கம் பக்கமாக நிறக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அது விடுபட்ட தகவல் அல்ல, அதுதான் தகவல். வெள்ளையாக இருப்பது சொல்ல வேண்டிய அவசியமில்லாத நிலை. மற்ற எதுவும் அதிலிருந்து விலகல், ஆகவே குறி போட வேண்டும். ஒரு சமூகம் தன்னைப் பற்றி இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லிக்கொள்வது அபூர்வம். சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னதால்தான் இது சாத்தியமாயிற்று என்று படுகிறது.

1850இல் ஈஸ்டனின் பெயருக்கு எதிரே முலாட்டோவுக்கான எழுத்து இருக்கிறது. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடிக்கும் கடுமையான சட்டம் வந்த வருஷமும் அதுதான். சுதந்திரக் கறுப்பர்களுக்கும் அதன்பின் நிம்மதி இல்லை. 1852இல் ஈஸ்டன் மனைவி மக்களோடு விஸ்கான்ஸின் மாநிலத்தில் மாடிஸன் என்ற ஊருக்குப் போனார். தமையனுக்கும் ஊருக்கும் ஒரே ஜேம்ஸ் மாடிஸனின் பெயர். போனவர் ஹெமிங்ஸ் அல்ல, ஜெஃபர்ஸன். 1856இல் அவர் இறந்தார். 1860 சென்ஸஸில் அவர் மனைவியும் பிள்ளைகளும் வெள்ளையர்கள். மூத்த மகன் ஜான் வேல்ஸ் ஜெஃபர்ஸன் உள்நாட்டுப் போரில் ஒரு வெள்ளைப் படைப்பிரிவின் கர்னல் ஆனார். பழைய ஊரிலிருந்து தன்னைத் தெரிந்த ஒருவரைப் படையில் சந்தித்தபோது, தன் ரத்தத்தைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியதாகப் பின்னாளில் ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது.

தகப்பனின் பெயரைச் சூட்டிக்கொண்டவர் தகப்பனை மறைக்க வேண்டியிருந்தது. ஜெஃபர்ஸனின் சிற்றப்பா பெரியப்பா யாரோ ஒருவர் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று இந்தக் கிளையில் சொல்லிவந்தார்கள். தாயின் பெயரையே கடைசி வரை வைத்துக்கொண்ட மாடிஸன் தகப்பன் யார் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1873 மார்ச்சில் ஒஹாயோவின் பைக் கவுண்டிப் பத்திரிகை ஒன்றில் அவர் சொன்ன வாழ்க்கைக் கதை வெளிவந்தது. பாரிஸிலேயே தங்கி விடுதலை பெற்றிருக்கக்கூடிய தாய், பிறக்கப்போகும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார் என்பது அதில் ஒரு செய்தி.

இந்தக் கதையைச் சரித்திராசிரியர்கள் நூறு வருஷத்துக்கு மேல் ஒதுக்கி வைத்தார்கள். ஜெஃபர்ஸனின் பெரிய வாழ்க்கை வரலாற்றை எழுதிய டூமாஸ் மலோன் உட்பட. அவர்கள் சொன்ன காரணம், இது கேள்விச் செய்தி, ஆதாரம் இல்லை என்பது. ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்ட மாற்றுக் கதை, ஸாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெஃபர்ஸனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்களில் ஒருவர் என்பது. அதற்கு என்ன ஏடு இருந்தது? ஜெஃபர்ஸனின் வெள்ளைப் பேரப்பிள்ளைகள் அப்படிச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதுவும் வாய்ச்சொல்தான். எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே நடந்த வழக்கே அல்ல இது. இரண்டு வாய்களில் எதை நம்புவது என்பதை அந்த நிறக் கட்டம் தீர்மானித்திருந்தது.

1974இல் ஃபான் பிராடி எழுதிய புத்தகம் மாடிஸனின் கூற்றை மதித்துப் படித்தது. ஈஸ்டன் வழிக் குடும்பத்தில் அதைப் படித்தவர்கள் தம் வீட்டில் வழங்கிய பெயர்களை அதில் கண்டு திடுக்கிட்டார்கள். 1997இல் ஆனெட் கார்டன் ரீட், ஒரு வக்கீலின் பொறுமையுடன், எந்தச் சாட்சிக்கு எந்த அளவுகோல் வைக்கப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். 1998இல் ரத்தப் பரிசோதனை வந்தது. ஈஸ்டனின் ஆண் வழி வாரிசு ஒருவரின் ஒய் குரோமோசோம் ஜெஃபர்ஸன் குடும்பத்தினுடையதோடு பொருந்தியது. கார் குடும்பத்தினுடையதோடு பொருந்தவில்லை. தாமஸ் ஜெஃபர்ஸனுக்கு மணவழியில் தொடர்ந்த ஆண் வாரிசு இல்லாததால் ஒப்பிட்டது அவர் தகப்பனாரின் சகோதரர் வழியினரோடு. மறைப்பதற்காகச் சொன்ன கதையில் வந்த அந்த உறவே நிரூபணத்துக்குப் பயன்பட்டது. இந்தச் சோதனை, ஜெஃபர்ஸன் குடும்பத்து ஆண் என்று சொல்லுமே தவிர எந்த ஆண் என்று சொல்லாது. அதைப் பிடித்துக்கொண்டு இன்றும் மறுப்பவர்கள் உண்டு. ஆனால் ஸாலியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்பது மாதம் முன்னால் ஜெஃபர்ஸன் மாண்டிசெல்லோவில் இருந்திருக்கிறார்; மலோன் தொகுத்த கால வரிசையிலிருந்தே இது கிடைக்கிறது. 2000இல் மாண்டிசெல்லோவை நிர்வகிக்கும் ஸ்தாபனமும் மாடிஸன் சொன்னதை ஒப்புக்கொண்டது.

சென்ஸஸ் ஏடுகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாமல் இந்தக் குடும்பம் ஊர் ஊராக நகர்ந்த தடத்தைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் அவை யார் என்பதைச் சொல்லவில்லை. எண்ணுகிறவனின் கண்ணில் எவராகப் பட்டார்கள் என்பதைச் சொல்கின்றன. 1820இல் எண்கள், 1830இல் வெள்ளையர், 1833இல் முலாட்டோ, 1850இல் மறுபடியும் முலாட்டோ, 1860இல் வெற்றுக் கட்டம். நாற்பது வருஷம் மாறாமல் இருந்த ஒரே பதிவு, அந்த வீட்டில் தாய் மகன்களுக்குச் சொன்னதுதான்.

ஏட்டுக்குள்ளும் ஒரே ஓர் இடத்தில் அது நுழைந்துவிட்டது. 1870 சென்ஸஸ் விதிகள் மாறியிருந்தன. அடிமை முறை ஒழிந்தபின் எடுத்த முதல் கணக்கு அது. கறுப்பர் அனைவருக்கும் பெயர் உண்டு. நிறக் கட்டம் காலியாக இருந்தால் வெள்ளையர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் உத்தரவு. அந்த வருஷம் ஒஹாயோவின் ராஸ் கவுண்டியில் மாடிஸனின் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பவர், கேட்க வேண்டியதைக் கேட்டு நிரப்பிவிட்டு, அவர் பெயருக்குப் பக்கத்தில், இந்த மனிதர் தாமஸ் ஜெஃபர்ஸனின் மகன் என்று கூடுதலாக எழுதியிருக்கிறார். தகப்பன் பெயருக்குப் படிவத்தில் இடம் கிடையாது. யாரும் அவரை எழுதச் சொல்லவும் இல்லை.